மூணு டெசிபலும் என்ற மோதிர விரலும்

சிக்னல் கெடைக்கலைங்களா தம்பி? போனை ரயில் ஜன்னலுக்கு வெளிய நீட்டாதீங்க, கை நழுவுச்சுன்னா போனே போயிரும். சித்த பொறுங்க, மொரப்பூர் தாண்டுனா தானா வரும். நான் சொன்னா நம்பலாமுங்க. சிக்னல்தான் என்ற பொழப்பே.

ஆன்டெனா புரொபசருங்க நானு. பேரு பொன்னுரங்கம். பெருந்துறைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜு. ஆன்டெனான்னா மொட்டை மாடில மீன் முள்ளு மாதிரி நிக்குமே அதான்னுதானே கேக்க வர்றீங்க? எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. என்ற மாமனாரு பொண்ணு கொடுக்கறப்பவே அதத்தான் கேட்டாரு. இன்னைக்கும் அவரு ஊட்டு டி.வி.ல படம் ஆடுச்சுன்னா எனக்குத்தான் போன் வரும்.

இது அந்த மீன் முள்ளு இல்லீங்க. இது கட்டை விரல் நகத்து மேல உக்காரும். அதுக்கு ஒரு பொட்டு வெக்கத்தான் இப்ப மெட்ராஸ் போயிட்டிருக்கேன். சிரிக்காதீங்க. இந்த டப்பாவுல இருந்து ஒரு வாசம் வருதுங்களே, சந்தனந்தான். நானே கல்லுல ஒரசி எடுத்தது. கடைல விக்கற பொடியக் கரைச்சா அந்தப் பலன் வராதுன்னு என்ற அபிப்பிராயம். அம்சவேணி எந்தச் சந்தனமா இருந்தாலும் ஒண்ணுதான்னு சொல்லுவா. அவ எதையும் ஒண்ணுதான்னு சொல்லுவா.

அம்சவேணி யாருன்னு சொல்லலை பாருங்க. எங்கிட்ட பி.எச்.டி. பண்ணுன புள்ள. அந்தியூர்க்காரி. ஒல்லியா இருப்பா, கேள்வி மட்டும் குண்டு குண்டாக் கேப்பா. நான் அவளுக்கு என்னென்ன பண்ணியிருக்கேன், அவ எனக்கு என்ன பண்ணுனான்னு நீங்களே கேட்டுட்டு ஒரு நாயம் சொல்லுங்க. நீங்க மூணாம் மனுசரு. உங்குளுக்கு ஓரவஞ்சனை இருக்காது.

மொதல்ல விசயம் புரியோணும். இப்ப உங்க போனுக்கு வர்ற அலை இருக்குதே, அது ஏறக்கொறைய ஒரு சாண் நீளம். எங்க அலை ஒரு அரிசி நீளந்தான். மில்லிமீட்டர் அலைம்பாங்க. அந்தப் பக்கம் ரோடு காலியாக் கெடக்குது, படம் பாட்டு எல்லாத்தையும் ஒட்டுக்கா அள்ளி அனுப்பலாம். ஆனா ஆளு நோஞ்சான். குறுக்க ஒரு செவுரு, ஒரு முருங்கை மரம், ஏன், நீங்க கையை வெச்சாலே படுத்துக்கும். அதனால சக்தியச் செதறவிடாம ஒரே பக்கமாக் குவிச்சுத் தள்ளோணும். குண்டு பல்பு நாலாப் பக்கமும் மினுக்கும், டார்ச் லைட்டு ஒரே பக்கமா தோட்டத்துக் கடைசி வரைக்கும் அடிக்குமுங்களே? அந்தக் குவிப்புக்குப் பேருதான் கெயின். பெரிய தட்டு ஒண்ணு வெச்சுட்டா கெயின் தன்னால வந்துரும். அதுக்கு எதுக்கு புரொபசரு? சின்னதாவும் இருக்கோணும், தூரமாவும் அடிக்கோணும். அதுலதான் வித்தையே இருக்குது.

அந்தக் கெயினை டெசிபல்னு ஒரு கணக்குல அளப்போம், எங்குளுதுல மூணு டெசிபல் பத்தலைங்க. மூணுதானேன்னு நெனைக்காதீங்க. அந்தக் கணக்குல மூணுன்னா ரெட்டிப்பு. பாதி வேலை முடிஞ்சுது, மீதிப் பாதி நிக்குதுன்னு வெச்சுக்குங்க. தகட்டை மாத்திப் பாத்தோம், அது மேல ஓடற செப்புக் கோட்டை மாத்திப் பாத்தோம், சின்னச் சின்னக் கட்டமா செப்பை வரைஞ்சு பாத்தோம். அந்த மூணு மட்டும் வரவே இல்லை. தை மாசம் டெல்லில இருந்து, இந்தப் புராஜெக்டுக்குப் பணங் கொடுக்கறவங்க கமிட்டி வர்றதா இருந்துச்சு. அதுக்குள்ள வரலைன்னா புராஜெக்டை மூடிருவாங்க. எங்க ஸ்பாஞ்சு ரூமையும் புடுங்கிருவாங்க.

ஸ்பாஞ்சு ரூம்னா, ஆன்டெனாவை அளக்கற ரூமுங்க. செவுரு, கூரை எல்லாம் நீலக் கலர்ல கூம்பு கூம்பா ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். அலை போயி மோதித் திரும்பி வராம அது குடிச்சிக்கும். நடுவுல ஒரு சுத்தற மேடை. ஆன்டெனாவை அதுல உக்கார வெச்சா மெல்லச் சுத்தும், எந்தப் பக்கம் எவ்வளவு அடிக்குதுன்னு கம்ப்யூட்டர்ல கோடு வரும். எங்க ஜில்லாவுலயே அப்படி ஒரு ரூம் கெடையாது. அந்த ரூமைப் புடுங்கி விளையாட்டுத் துறைக்குக் கொடுக்கறதா மேனேஜ்மென்ட்டுல பேச்சு. பிசிகல் டைரக்டர் சென்னியப்பன் டேப்பை எடுத்துட்டு வந்து என்ற கண்ணு முன்னாலயே அளக்கறாருங்க! ‘ஸ்பாஞ்சை எடுக்க வேண்டாமுங் சார், பசங்க ஹை ஜம்ப் பழக ஆகும்’கறாரு.

ரூம் போச்சுன்னா நான் அப்பறம் யாருங்க? வெறுமனே கிளாஸ் எடுக்கற வாத்தியாரு. பத்தோட பதினொண்ணு. அம்சவேணிக்கும் படிப்பு பாதில நின்னுருக்கும். அது கெடக்குது, சின்னப் புள்ள, வேற எதாச்சும் பாத்துக்குவா. என்ற நெலமைய நெனைச்சுப் பாருங்க.

அந்தச் சமயத்துல அவ ஒரு ரோசனை சொன்னா. இதுக்கு முன்னாடியும் சொல்லிட்டேதான் இருந்தா. ஆன்டெனா மேல சின்னதா பிளாஸ்டிக்குல ஒரு கும்மட்டம் வெக்கலாம் சார், லென்ஸ் மாதிரி அது அலையைக் குவிக்கும், ரொம்பச் சின்னதுதான், சுண்டைக்காயைப் பாதியா வெட்டுன அளவுதான் வரும்னா. நான் வேண்டாம்னுட்டேன். கச்சிதமான ஆன்டெனான்னு பேரு சொல்லிட்டு, அதுக்கு ஒரு தொப்பியைப் போட்டா பாக்கறவன் என்ன நெனைப்பான்? அதுவும் போக, அதைச் செய்யற மெசினு மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டுல இருக்குது. அந்த ஹெச்.ஓ.டி.யோட எனக்குப் பேச்சுவார்த்தை கெடையாது. கேன்டீன்ல என்ற நாற்காலில உக்காந்தாரு. எந்திரிங்கன்னு சொன்னேன், எந்திரிக்கலை. அதோட சரி. மானம்னு ஒண்ணு இருக்குதுங்களே? அம்சவேணி நாலஞ்சு தரம் கேட்டுப் பாத்தா. எல்லாத் தரமும் நான் கோவிச்சுக்காம, பொறுமையாத்தான் வேண்டாம்னு சொன்னேன். வேற எந்த கைடும் அவ்வளவு பொறுமையாச் சொல்ல மாட்டான்.

அப்பத்தான் ஆயுத பூசை வந்துச்சு.

எங்க லேப்புல ஆயுத பூசை என்ற பொறுப்புங்க. வேற யாரையும் நான் விடறதில்லை. கருவி ஒவ்வொண்ணையும் தொடைச்சு, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, பொரி கடலையோட தீபாராதனை காட்டி முடிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிரும். கம்ப்யூட்டரு, மீட்டரு, ஸ்குரூ டிரைவரு, ஹாக்சா பிளேடு, ஒண்ணு விட மாட்டேன். என்ற பொட்டு சின்னதாவும் இருக்காது. மோதிர விரலால அள்ளி, வெச்சு, மேல இன்னொரு அப்பு அப்புனாத்தான் எனக்குத் திருப்தி. ‘அது பொட்டுங்களா, கொழுக்கட்டைங்களா?’ன்னு என்ற ஊட்டுக்காரி கேப்பா. அவளுக்கு ஆன்டெனா பத்தியும் ஒண்ணும் தெரியாது.

எல்லாத்துக்கும் வெச்சு முடிச்சுட்டுப் பாக்கறேன், ஆன்டெனாவைக் காணோம். எங்கடா போச்சுன்னு தேடுனா, அம்சவேணி அவ சோத்து டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறா! ‘சார், சார், இதுக்கு மட்டும் வேண்டாம் சார், இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். சந்தனத்துல தண்ணி இருக்குது, தண்ணி அந்த அலையைக் குடிச்சுரும் சார்’னு கெஞ்சறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வருசம் பூரா நமக்கு உழைக்கற சாமான், அது ஒண்ணை மட்டும் மூளியா விடறதா? டப்பாவைத் தொறந்தேன், எடுத்தேன், நட்ட நடுவுல நல்லா அள்ளி ஒரு பொட்டு வெச்சேன். ஆன்டெனாவே தெரியலை. பொட்டு மட்டுந்தான் தெரிஞ்சுது. பாக்க அம்சமா இருந்துச்சு. அவ போயி அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா.

மறுநா விஜயதசமி. அன்னைக்குக் கருவியத் தொட்டு ஒரு தரமாச்சும் வேலை ஆரம்பிக்கோணுமுங்களே? பொட்டோடயே கொண்டு போயி மேடைல வெச்சு ஓட்டுனோம். செத்துக் கெடக்குதுங்க. கோடு தரையோட தரையாப் படுத்துருச்சு. அம்சவேணி ஸ்டூல்ல உக்காந்து தலையைக் கையில புடிச்சிக்கிட்டா. எனக்கும் பக்குன்னுதான் ஆச்சு. அப்பறம் குனிஞ்சு பாத்தா, அவ செருப்புப் போட்டுட்டு ரூமுக்குள்ள வந்திருக்கறா. பூசை போட்ட எடத்துல செருப்பு! ‘இதாம்மா காரணம்’னேன். அவ என்னையே பாத்தா. தப்புன்னு தெரிஞ்சிருச்சு போல.

நாலு நாள் லீவு முடிஞ்சு திரும்பி வர்றோம். அந்தப் பொட்டு காஞ்சு கல்லு மாதிரி ஆயிருச்சு. சொரண்டி எடுக்கலாமான்னு அவ கேட்டா. சாமிக்கு வெச்சதைச் சொரண்டறதாவது, மொதல்ல ஒரு தரம் ஓட்டு, செருப்பைக் கழட்டிட்டு ஓட்டுன்னேன். கழட்டுனா. ஓட்டுனா.

தம்பி, அந்தக் கோடு ஏறுச்சு பாருங்க! மெல்ல ஏறி, நடுவுல வந்து, நாங்க எத்தனையோ நாளாப் பாக்காத எடத்துக்குப் போயி நின்னுச்சு. மூணு. முழுசா அந்த மூணு டெசிபல். அம்சவேணி நம்பலை. கேபிளைக் கழட்டி மாட்டுனா, மறுபடி ஓட்டுனா, மீட்டரை மாத்துனா, மறுபடி ஓட்டுனா. அதே மூணு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. வெக்கமில்லாமச் சொல்றேன், அந்த நீல ஸ்பாஞ்சு நடுவுல நின்னு அழுதேன். அன்னைக்கு டிபார்ட்மென்ட்டு முழுக்க என்ற செலவுல கேசரி.

அதுக்கப்பறம் காலேஜ்ல என்ற மரியாதையே வேற. பொன்னுரங்கம் சார் கைராசி, கைராசின்னு ஒரே பேச்சு. பிரின்சிபால் புதுசா எடுத்த காருக்கு என்னையக் கூப்புட்டுத்தான் பொட்டு வெக்கச் சொன்னாரு. பிசிக்ஸ்காரங்க லேசரைத் தூக்கிட்டு வந்தாங்க. அந்தச் சென்னியப்பனே வாலிபாலோட வந்து நின்னாருங்க! வெச்சு விட்டேன். எனக்கு மனசுல எதுவும் வெச்சுக்கத் தெரியாது. அந்தப் பந்தோட போயி மொத ரவுண்டுலயே தோத்துட்டு வந்தாங்க, அது அவங்க ஆட்டம்.

எல்லாரும் நம்புனாங்க, இவ ஒருத்தியத் தவிர. வேற நாலஞ்சு ஆன்டெனா செஞ்சு எடுத்துட்டு வந்து, ‘சார், இதுக்கெல்லாமும் அதே மாதிரி வெச்சுக் கொடுங்க’ன்னா. சந்தோசமா வெச்சேன். காய வெச்சு ஓட்டுனோம். ஒண்ணு ஏறுச்சு. ஒண்ணு ஏறலை. ஒண்ணு இருந்ததை விடக் கீழ போச்சு. ஒண்ணு பக்கத்துச் செவுத்தைப் பாத்து அடிக்குது. காரணம் இல்லாம இல்லீங்க. ஒண்ணு ராகு காலத்துல வெச்சது. இன்னொண்ணு வெக்கறப்ப அட்டெண்டரு தும்முனான். அந்தக் கோணலா அடிச்சது, அன்னைக்கு எனக்கு ஊட்டுல சண்டை. இதையெல்லாம் அவகிட்ட வெவரமா எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிட்டு, ஒரு வெர்னியரை எடுத்துட்டு வந்து பொட்டை அளக்க ஆரம்பிச்சுட்டா! எவ்வளவு அகலம், எவ்வளவு ஒசரம், நடுவுல மேடா, ஓரத்துல சரிவான்னு. பக்கவாட்டுல இருந்து போட்டோ எடுக்கறா. நல்லா ஏறுன பொட்டைக் கூர்ந்து கூர்ந்து பாத்துக் கம்ப்யூட்டர்ல வரையறா. ஏனுங்க, சாமி பொட்டை வெர்னியர் வெச்சு அளக்கறவளை நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? ‘சார், இந்த ஒசரம், இந்த வளைவு இருந்தாத்தான் குவியுது. கொஞ்சம் மாறுனாக்கூட போயிருது. உங்க விரல் மொதத் தரம் அதைச் சரியா வெச்சிருச்சு சார்’னா. அதத்தானே நானும் சொல்றேன்? கைராசின்னா அதுதானே? ஒரே விசயத்தை ரெண்டு பேரும் சொல்றோம், என்னமோ அவ சொல்றதுதான் விஞ்ஞானம்கற மாதிரி.

அப்பறம் என்ன பண்ணுனா தெரியுமா? எனக்குத் தெரியாம மெக்கானிக்கலுக்குப் போயிட்டா. அந்த நாற்காலிக்காரர்கிட்டப் போயி நின்னு, அந்தப் பொட்டு அளவுக்கே பிளாஸ்டிக்குல கும்மட்டம் அடிச்சுட்டு வந்துட்டா. கேட்டா, ‘உங்களைக் கேட்டா வருத்தப்படுவீங்கன்னுதான் சார்’கறா. நான் எதுக்கு வருத்தப்படறேன்? ரெண்டு நாள் அவகிட்டப் பேசலை, அவ்வளவுதான்.

தை மாசம் கமிட்டி வந்துச்சு. ரெண்டு ஆம்பளை, ஒரு பெரியம்மா. அந்தம்மாதான் தலைவி. நல்ல வெள்ளை முடி, கொரலு மட்டும் தடிப்பு. ‘எப்படி இது சாத்தியமாச்சு?’ன்னாங்க. நான் முன்னால போனேன். பேசறதை விடக் காட்டறது நல்லதுன்னு, புது ஆன்டெனாவை வெச்சு, அவங்க கண்ணு முன்னாலயே சந்தனத்தைத் தொட்டு அள்ளி அப்புனேன். அம்சவேணி பின்னால இருந்து சட்டையைப் புடிச்சு இழுக்கறா. நான் விடலை. மேடை சுத்துச்சு. கோடு படுத்துருச்சு. காயோணுமுங்கம்மா, நாலு நாள் இருந்தீங்கன்னா தெரியும்னேன். அந்த ரெண்டு ஆம்பளைகளும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஒருத்தரு வாட்சைப் பாத்தாரு. தம்பி, அந்த நிமிசம் ஸ்பாஞ்செல்லாம் கழட்டி ஹை ஜம்ப்புக்குப் போட்டிருக்கறது கண்ணுல தெரியுது.

அம்சவேணி வந்தா. அந்த ஆன்டெனாவைக் கழட்டிட்டு வேற ஒண்ணை வெச்சா, மேல கும்மட்டத்தை உக்கார வெச்சா. மூணு ஏறுச்சு. இன்னொரு கும்மட்டம் வெச்சா. மூணு. அந்தம்மாவையே எடுத்து வெக்கச் சொன்னா. அப்பவும் மூணு. அந்தம்மா பெரிய சிரிப்பாச் சிரிச்சு, ‘இந்த ஐடியா யாரோடது?’ன்னாங்க. நான் அவளையே பாக்கறேன். அவ என்ன சொன்னா தெரியுமா? ‘சார் வெச்ச பொட்டுலதான் ஆரம்பிச்சுதுங்க மேடம்’னா.

ஆரம்பிச்சுதாம்! கேட்டீங்களா? சார் பண்ணுனாருன்னு சொல்லலாம். சாரோடதுன்னு சொல்லலாம். ஆரம்பிச்சுதுன்னா, அப்பறம் வேற எங்கயோ போயி முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்? அந்தம்மா வந்து என்ற கையைப் புடிச்சுக் குலுக்கி, புராஜெக்டை நீட்டிச்சு, ரூமையும் காப்பாத்திக் கொடுத்துட்டுப் போனாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு மட்டும் அந்த ஒரு சொல்லு தொண்டைல முள்ளு மாதிரி நின்னுருச்சு. தீசிஸ்லயும் அப்படித்தான். என்ற பொட்டோட போட்டோவைப் பக்கம் முழுக்கக் கலர்ல போட்டிருக்கறா, அடியில என்ற பேரு. ஆனா எங்க? மூணாவது அத்தியாயத்துல! மொத அத்தியாயத்துல வர வேண்டியது.

இப்ப அவ மெட்ராஸ்ல ஒரு கம்பெனில இருக்கறா. அதே ஆன்டெனாவைச் சின்னப் பெட்டிக்குள்ள போட்டு, தெரு விளக்குக் கம்பத்துல மாட்டி, வயரே இல்லாம ஊடு ஊடா நெட்டு கொடுக்கப் போறாங்களாம். மொத ஜோடிய இன்னைக்கு ரெண்டு கம்பத்துல மாட்டறாங்க. போன வாரம் போன் பண்ணுனா. ‘சார், நீங்க வராம நடக்கக் கூடாது. நீங்கதான் வந்து பொட்டு வெக்கோணும். டிக்கெட் அனுப்பறேன்’னா. எனக்கு மனசு குளுந்து போச்சு. அப்பறம் மெதுவா இழுக்கறா. ‘பெட்டியோட ஓரத்துல வெச்சாப் போதும் சார். பின்னால, கீழ் மூலைல. முன்னால வேண்டாம் சார்’னு.

மூலைலயாம். யாராச்சும் மூலைல பொட்டு வெப்பாங்களா? நெத்தின்னு ஒண்ணு எதுக்கு இருக்குது? நான் நடுவுலதான் வெப்பேன். முன்னாலதான் வெப்பேன். ஒரு நாலு நாள் ஓடாது, ஓடாமக் கெடக்கட்டும். காஞ்சதுக்கப்பறம் ஓடும். அப்பத் தெரியும் யாரு கைன்னு.

இல்ல தம்பி, நீங்க பாக்கற பார்வை புரியுது. நான் கெட்டவன் இல்லீங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. எனக்கு ஒரே ஒரு பயந்தான். நான் வெக்காமலே அது ஓடிட்டா? இத்தனை வருசம் ஆன்டெனா ஆன்டெனான்னு அந்த ஸ்பாஞ்சுக்குள்ளயே கெடந்தேன். ஒண்ணு கூட ஒழுங்கா வரலை. என்ற கை பட்டு வந்தது அந்த ஒண்ணுதான். அதுவும் நான் இல்லாம ஓடும்னா, அப்பறம் நான் அங்க இருந்ததுக்கு என்ன அர்த்தம்? இதை என்ற ஊட்டுக்காரிகிட்டக் கூடச் சொன்னதில்லை.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லும்மா... காட்பாடி தாண்டியாச்சு, அரக்கோணம் வரப் போவுது... ஆமா, கையிலதான் இருக்குது, ஒரசியே எடுத்துட்டு வந்துட்டேன்... என்னது?... எப்ப?... ஒரு பொட்டும் வெக்காமயா?... மழை வேறயா? தூறல்லயுமா ஓடுது?... அட, இல்லம்மா, சந்தோசந்தான். கொரலு அப்படித்தான், வண்டிச் சத்தம்... எதுக்கு இலையைப் போட்டுட்டு எனக்காக உக்காந்திருக்கீங்க, நீங்கெல்லாம் சாப்புடுங்க... சரி. சரிம்மா. நீயே ஸ்டேசனுக்கு வர்றியா? வேண்டாம்னா கேக்கவா போற. வெச்சுர்றேன்.

ஓடிருச்சாமுங்க.

காத்தால சும்மா போட்டுப் பாத்தாங்களாம், இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் புடிச்சுக்கிச்சாம். மழை தூறியும் நிக்கலையாம். எல்லாரும் சாப்புடாம நான் வந்தாத்தான் ஆச்சுன்னு உக்காந்திருக்காங்களாம். சோறு என்ன சோறு, எங்க வேணா திங்கலாம். எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க தம்பி. நெஞ்சுக்குள்ள காலியா இருக்குது. அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்க.

இருங்க. இருங்க, ஒரு நிமிசம். எப்பன்னு சொன்னா? டீ வர்றப்பன்னு சொன்னா. அவங்களுக்கு டீ ஒம்பது மணிக்கு மேலதான் வரும். அப்ப நான் எங்க இருந்தேன்? ஈரோட்டுப் பிளாட்பாரத்துல... இல்ல, ஏறிட்டேன். ஏறி, இந்தச் சீட்டுல உக்காந்து, சேலமே தாண்டிட்டேன். வலது காலைத்தான் மொதல்ல வெச்சு ஏறுனேன். பின்னால இருந்து முண்டித் தள்ளுனாங்க, அப்பவும் நான் காலை மாத்தலை. நேத்து வரைக்கும் ஓடாம இருந்தது, நான் கெளம்புனதுக்கப்பறந்தான் ஓடியிருக்குது. நேத்து போட்டுப் பாக்கவே இல்லைங்கறது வேற விசயம். பாத்திருந்தா ஓடியிருக்காது.

அரக்கோணம் வந்துருச்சு, நீங்க எறங்கற எடமுங்களா? பையை நான் எடுத்துக் கொடுக்கறேன், பாத்து எறங்குங்க. தம்பி, ஒண்ணே ஒண்ணு. நான் இன்னைக்கு வண்டியேறாம ஊட்டுலயே இருந்திருந்தா அது ஓடியிருக்குமா? ஓடியிருக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குங்க தம்பி.